பதினேழு வயசு டீமுக்கு கோச் தேடுறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா அங்கங்கே திருத்தியிருக்கேன்.)

இந்த எபிசோடை மரக்காணத்துல வீட்டுல இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி உப்பு லாரி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க.

2025 ஜூலைல நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? இந்திய சீனியர் ஆண்கள் கால்பந்து அணிக்கு கோச் தேடினாங்க. 170 விண்ணப்பம் வந்துச்சு. பெப் குவார்டியோலா பேர்லயும் ஷாவி பேர்லயும்கூட மெயில் வந்திருந்தது. ரெண்டும் போலின்னு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அப்புறமா சொல்லுச்சு. ஒரு வாரத்துக்கு மீம் ஓடுச்சு. அந்த 170 பேர்ல இருந்து வடிகட்டி, மூணு பேரை இறுதிப் பட்டியல்ல வெச்சு, ஆகஸ்ட் 1 அன்னைக்கு காலித் ஜமீல்னு அறிவிச்சாங்க.

சரி, 17 வயசுக்குட்பட்ட அணிக்கு கோச் மாறினா? மீமும் கிடையாது, விவாதமும் கிடையாது. எனக்கு என்னவோ அந்தத் தேர்வுதான் இதைவிடப் பெரிய தேர்வுன்னு தோணுது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல லைசென்ஸ் விஷயம். ஆசியாவுல கோச்சுகளுக்கு சி, பி, ஏ, ப்ரோன்னு படிப்படியா சான்றிதழ் உண்டு. இது ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். ஒருத்தர் பாடத்தை முடிச்சிருக்கார்னு சான்றிதழ் சொல்லும். வீட்டை விட்டு மாசக்கணக்கா கேம்ப்ல இருக்கிற 15 வயசுப் பையன்கிட்ட அவர் எப்படிப் பேசுவார்னு அது சொல்லாது.

இதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு நல்ல கேஸ் ஸ்டடி இருக்கு. 2017 அக்டோபர்ல 17 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா நடத்துச்சு. நடத்துற நாடுங்கிறதால நேரடி இடம். ஃபிஃபா உலகக் கோப்பை ஒண்ணுல இந்திய அணி ஆடினது அதுதான் முதல் தடவை. அதுக்காக 2015-லயே ஜெர்மனியைச் சேர்ந்த நிகோலாய் ஆடம் பொறுப்பேத்தார். ரெண்டு வருஷம் ஓடுச்சு. 2017 தொடக்கத்துல, கோச் நடத்துற விதம் சரியில்லைன்னு வீரர்களே சம்மேளனத்துக்குப் புகார் கொடுத்ததா செய்தி வந்தது. அவர் விலகினார். மார்ச்ல போர்ச்சுகல்காரர் லூயிஸ் நார்டன் டி மாடோஸ் வந்தார். முதல் மேட்ச் அக்டோபர் 6. கையில இருந்தது சுமார் ஏழு மாசம்.

ஐடி மக்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ரிலீசுக்கு ஏழு மாசம் இருக்கும்போது டெக் லீட் மாறுறார். புது ஆளு பழைய கோடைப் படிக்கணுமா, புதுசா எழுதணுமா? டி மாடோஸ் ரெண்டையும் பண்ணார். மினர்வா அகாடமியில இருந்து ஜீக்சன் சிங், அன்வர் அலி மாதிரி பசங்க உள்ளே வந்தாங்க. அமெரிக்காவுல வளர்ந்த நமித் தேஷ்பாண்டே வந்தார். கோச் மாறினதும் யார் கண்ணுல படுறாங்க என்பதே மாறிடுச்சு. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ரிசல்ட்? அமெரிக்காகிட்ட 0-3, கொலம்பியாகிட்ட 1-2, கானாகிட்ட 0-4. அந்த ஒரே கோல், அக்டோபர் 9, டெல்லி. சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்க, ஜீக்சன் தலையால முட்டினார். உலகக் கோப்பையில இந்தியாவோட முதல் கோல். அடுத்த நிமிஷமே கொலம்பியா திருப்பி அடிச்சுட்டாங்க.

மூணு தோல்வி, வாங்கினது 9 கோல். ஸ்கோரை மட்டும் பார்த்தா ஃபெயில். ஆனா அந்த 21 பேர்ல இருந்துதான் ஜீக்சன், அன்வர் அலி, சுரேஷ் சிங், அபுயா எல்லாரும் சீனியர் அணிக்குப் போனாங்க. அப்ப யூத் கோச்சுக்கு மார்க் எதை வெச்சுப் போடுறது?

எங்க ஊர் உப்பளத்துல கடல் தண்ணி நேரா உப்பாகாது. பாத்தி பாத்தியா மாத்தி, வெயில்ல காய்ஞ்சு, கடைசிப் பாத்தியிலதான் உப்பு வாருவாங்க. முதல் பாத்தியைப் பார்த்துக்கிறவர்கிட்ட போய் 'உப்பு எங்கே'ன்னு யாரும் கேட்கறதில்ல. ஆனா அவர் வேலை கெட்டா கடைசியில உப்பும் கெடும்.

இதைச் சரியா செஞ்ச நாடு அர்ஜென்டினா. 1994-ல 20 வயசுக்குட்பட்ட அணிக்கு ஹோசே பெக்கர்மானை எடுத்தாங்க. ஆட்டக் காலம் முடிஞ்சப்ப டாக்ஸி ஓட்டினவர். பெரிய கிளப் பேர் எதுவும் கையில கிடையாது. ஜூனியர் பசங்களை வளர்த்த அனுபவம் மட்டும் இருந்துச்சு. 1995, 1997, 2001-னு மூணு உலகக் கோப்பை ஜெயிச்சார். அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. 1997 அணியில ஸ்கலோனி, ஐமார், வால்டர் சாமுவேல் மூணு பேரும் இருந்தாங்க. 2022-ல மெஸ்ஸி கோப்பையைத் தூக்கினப்ப தலைமை கோச் ஸ்கலோனி, உதவிக்கு மத்த ரெண்டு பேரும். 1994-ல எடுத்த ஒரு முடிவுக்குப் பலன் 28 வருஷம் கழிச்சும் வருது.

நம்ம பக்கமும் நம்பிக்கை இல்லாம இல்லை. கோவாவைச் சேர்ந்த பிபியானோ பெர்னாண்டஸ் பல வருஷமா இந்த வயசுப் பசங்களோடயே இருக்கார். 2018-ல அவர் அணி ஆசியப் போட்டியில காலிறுதி வரை போய் தென்கொரியாகிட்ட 0-1-ல தோத்தது. அதுல ஜெயிச்சிருந்தா உலகக் கோப்பை இடம். 2025 நவம்பர்ல அகமதாபாத்துல ஈரானை 2-1-னு ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் அவரோட பசங்கதான்.

அதனால அடுத்த தடவை யூத் கோச் அறிவிப்பு வந்தா, நான் மூணு கேள்வி கேட்பேன்.

ஒண்ணு, இவரை ஒரு போட்டிக்கு எடுக்கறாங்களா, ஒரு தலைமுறைக்கு எடுக்கறாங்களா? ஒப்பந்தம் எத்தனை வருஷம்னு பார்த்தாலே பாதி பதில் தெரிஞ்சுடும்.

ரெண்டு, இவர் எங்கே போய் ஆள் தேடுவார்? 2017 அணியில 21 பேர்ல 8 பேர் மணிப்பூர். அது அவங்க உழைப்பு, சந்தேகமே இல்லை. ஆனா தமிழ்நாட்டுல இருந்து ஒருத்தர்கூட இல்லை. இதே கடற்கரையில தெற்கே இருக்கிற கடலூர்ல இருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போயிருக்காங்க. அப்ப திறமை இருக்கு, வந்து பார்க்கத்தான் ஆள் வேணும்.

மூணு, பசங்க பயமில்லாம புகார் சொல்ல வழி இருக்கா? 2022-ல பெண்கள் 17 வயசு அணி ஐரோப்பாவுல இருந்தப்ப, ஒரு உதவி கோச்சை ஒழுங்கீனப் புகார்ல திருப்பி அனுப்பி, அப்புறம் நீக்கினாங்க. நடவடிக்கை எடுத்தது சரி. ஆனா வேலை கொடுக்கிறதுக்கு முன்னாடியே பின்னணியை விசாரிக்கணும். சீனியர் வீரருக்குக் கோச் பிடிக்கலைன்னா ஏஜென்ட் இருக்கார், கிளப் இருக்கு. பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு யார் இருக்கா?

என்னைக் கேட்டா மூணாவது கேள்விக்குப் பதில் வராம மத்த ரெண்டுக்கும் போகவே கூடாது. நீங்க என்ன நினைக்கறீங்க? உங்க ஊர்ல இந்த வயசுப் பசங்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறவர் யாராவது இருந்தா சொல்லுங்க, ஒரு எபிசோடுக்குக் கூப்பிட்டுப் பேசுவோம். அடுத்த வாரம் பார்க்கலாம்.