மரையாணியின் தலையிலுள்ள எண்கள்

மாடு பூட்டிய கலப்பையின் இடத்தை டிராக்டரும், கமலையின் இடத்தை மின்சாரப் பம்பும் பெற்றுவிட்ட இந்நாளில், போல்ட் என்று நாம் வழங்கும் மரையாணி இல்லாத பண்ணை இல்லை. ஓர் ஆணி ஒடிந்தால், அதே பருமனும் நீளமும் உள்ள இன்னொன்றை வாங்கிப் பூட்டிவிடுகிறோம். ஆனால், பருமன் ஒன்றாயிருப்பதனால் மட்டும் வலிமை ஒன்றாகிவிடாது. வலிமையைக் காட்டும் குறி ஆணியின் தலையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுதல் உழவர்க்கும் பஞ்சாயத்து உறுப்பினர்க்கும் மிகவும் பயன் தருவதாகும்.

மில்லிமீட்டர் அளவில் செய்யப்படும் எஃகு மரையாணிகளில் 4.6, 8.8, 10.9, 12.9 என்பன போன்ற எண்களைக் காணலாம். அறுகோணக் குழியுள்ள தலையையுடைய திருகுகளுக்கும் இதே முறைதான். புள்ளிக்கு முன்னுள்ள எண், அறுபடுமுன் எஃகு தாங்கக்கூடிய இழுப்பைக் குறிக்கும். அதை 100 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது விளங்கும். 8 என்றால் 800 நியூட்டன். அதாவது, ஏறக்குறைய 80 கிலோகிராம் எடையின் இழுப்பு. புள்ளிக்குப் பின்னுள்ள எண், அவ்வலிமையில் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தால் ஆணி தன் பழைய நீளத்துக்கே திரும்பும் என்பதைக் குறிக்கும். 8.8 வகைக்கு இவ்வெல்லை 640 நியூட்டன், 4.6 வகைக்கோ 240 தான்.

இரண்டாவது எண்ணின் சிறப்பை உணர்தல் வேண்டும். இறுக முறுக்கும்போது மரையாணி மிக நுண்ணிய அளவு நீளுகிறது. நீண்ட ஆணி, சுருள்வில்லைப் போலச் சுருங்க முயல்வதனாலேயே இரு பாகங்களும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. எல்லையைக் கடந்து இழுபட்டால், நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். பிடி தளரும், பின்னர் அதிர்வினால் ஆடி ஆடி ஆணி ஒடியும்.

12 மில்லிமீட்டர் மரையாணி 4.6 வகையாயின் ஏறத்தாழ 2 டன் இழுப்பிலேயே நிலையாக நீளத் தொடங்கும், 8.8 வகையாயின் 5 டன்னுக்கு மேலும் தாங்கும். எனவே, டிராக்டர் சக்கரத்திலும் ரோட்டவேட்டர் கத்தியிலும் உயர்ந்த வகை ஆணி இருந்த இடத்தில் தாழ்ந்ததைப் பூட்டுவது, அருகில் நிற்போர் உயிருக்கே ஆபத்தாகும்.

இனி, வலிமை மிகுந்தது எங்கும் நல்லது என்று எண்ணுதலும் தவறு. சில இயந்திரங்களில் ஷியர் போல்ட் என்னும் ஆணி உண்டு. கல்லோ வேரோ சிக்கும்போது தான் முறிந்து கியர் பெட்டியைக் காப்பதே அதன் வேலை. அங்கே வலிய ஆணியைப் பூட்டினால் ஆணி தப்பும். விலையுயர்ந்த பற்சக்கரங்கள் முறியும். இயந்திரம் செய்தோர் குறித்த வகையையே அங்கு இடுதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. ஒடிந்த ஆணியைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே எண்ணுள்ளதைக் கேட்டு வாங்குக.

2. எண் இல்லாத மில்லிமீட்டர் ஆணியைத் தாழ்ந்த வகை என்றே கொள்க.

3. 8.8 ஆணிக்கு 8 என்ற குறியுள்ள நட்டு தேவை. மெலிந்த நட்டு இட்டால் அதன் மரை வழித்துக்கொண்டுவிடும்.

4. 8.8 முதலிய உயர்ந்த வகைகள் பதமேற்றப்பட்டவை. அவற்றைப் பழுக்கக் காய்ச்சினாலோ, வெல்டிங் செய்தாலோ பதம் கெட்டு வலிமை குறையும்.

5. அமெரிக்க முறையிலான அங்குல ஆணிகளில் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் இருக்கும். மூன்று கோடுகள் ஏறக்குறைய 8.8க்கும், ஆறு கோடுகள் 10.9க்கும் ஒப்பாகும்.

குடிநீர்ப் பம்புக்கும் விளக்குக் கம்பத்துக்கும் ஆணிகள் வாங்கும் பஞ்சாயத்துகள், விலைப்புள்ளி கோரும்போது பருமனையும் நீளத்தையும் மட்டும் எழுதினால் போதாது. தேவையான வலிமை வகையையும், ஐ.எஸ். 1367 என்னும் இந்தியத் தர அளவையையும் சேர்த்து எழுதுக. சரக்கு வந்ததும், பணம் கொடுக்குமுன் ஆணியின் தலையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுதல் நலம். இதற்குச் செலவு ஏதுமில்லை. சற்றுக் கவனம் இருந்தாலே போதும்.