அணுகுண்டில் எரிந்த தெருவிளக்கு... தெரியுமா?

அமெரிக்காவில் ஏறத்தாழ இருபது வருஷம் எரிந்த விளக்குகளில் பத்துக்கு ஒன்று ரஷ்ய அணுகுண்டின் தயவில் எரிந்தது, தெரியுமா? கதையல்ல, நிஜம்! 1993-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. சோவியத் குண்டுகளுக்குள் இருந்த யுரேனியத்தில் 500 டன்னை வெளியே எடுப்பது என்று முடிவானது. ஏறக்குறைய 20,000 குண்டுகளுக்கான சரக்கு அது! குண்டுக்குத் தேவை 90 சதவீதச் செறிவு. மின்சாரம் தயாரிக்கும் உலைக்கு ஐந்து சதவீதம்கூட வேண்டாம். கொதிக்கிற வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவதுபோல, வீரியம் குறைந்த யுரேனியத்தைக் கலந்து அதன் காட்டத்தை இறக்கினார்கள். பிறகு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். கடைசிச் சரக்கு 2013 டிசம்பரில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. எந்த ஊர்களைச் சாம்பலாக்க அந்தக் குண்டுகளைச் செய்தார்களோ, அதே ஊர்களின் தெருவிளக்கு! மனிதன் செய்த எத்தனையோ காரியங்களில் எனக்கு இதுதான் மெய்சிலிர்ப்பு.

அந்தச் சரக்கை விற்ற டெனெக்ஸ் நிறுவனம் இன்று யாருடைய பிள்ளை? 2007 டிசம்பரில் உருவான ரஷ்ய அரசு நிறுவனமான ரோசாட்டத்தின் பிள்ளை. இந்தக் குடும்பத்தில் 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள்! எரிபொருள் செய்ய டிவெல், இயந்திரம் வார்க்க ஆட்டம்எனர்கோமாஷ், வெளிநாட்டில் உலை கட்ட ஆட்டம்ஸ்ட்ராய்எக்ஸ்போர்ட், ரஷ்யாவின் அணுமின் நிலையங்களை ஓட்ட ரோஸ்எனர்கோஆட்டம். கஜகஸ்தானில் யுரேனியம் எடுக்கும் யுரேனியம் ஒன் சுரங்கமே தோண்டுவதில்லை! ஆழ்துளைக் கிணறு போட்டு, அமிலக் கரைசலை உள்ளே விட்டு, கரைந்து வருவதை மேலே உறிஞ்சிக்கொள்கிறது.

அணுகுண்டு செய்வதும் இதே குடும்பம்தான், தெரியுமா? குண்டு பிறந்த சரோவ் நகரம் சோவியத் காலத்து வரைபடத்திலேயே கிடையாது. 'அர்ஸமாஸ்-16' என்ற அஞ்சல் பெயர்தான் அதற்கு அடையாளம். இன்றைக்கும் அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது.

குண்டை விட்டு மின்சாரத்துக்கு வருவோம். மாஸ்கோவுக்கு அருகே ஓப்னின்ஸ்க். 1954 ஜூன் 27 அன்று, உலகிலேயே முதன்முதலாக அணு உலை மின்சாரம் மின்தொகுப்பில் பாய்ந்தது இங்கேதான். எவ்வளவு? வெறும் 5 மெகாவாட்! இன்று கடலில் நிற்கும் ஒரே ஒரு பெரிய காற்றாலை அதைவிட அதிகம் தருகிறது.

ரோசாட்டத்தின் மிதக்கும் மின்நிலையம் பார்த்திருக்கிறீர்களா? பெயர் அகாதெமிக் லமனோசவ். 144 மீட்டர் நீளம், உள்ளே இரண்டு உலைகள், மொத்தம் 70 மெகாவாட். தானாக நகர அதற்கு எஞ்சினே இல்லை! 2019-ல் மூர்மன்ஸ்கிலிருந்து இழுவைக் கப்பல்கள் வடதுருவக் கடல் வழியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துப்போய், ரஷ்யாவின் வடகோடி நகரமான பெவெக்கில் கட்டி நிறுத்தின. அந்த டிசம்பரிலேயே விளக்கு எரிந்தது. 2020-லிருந்து உலையின் சூடு குழாய் வழியாக வீடுகளுக்கும் போகிறது. வாரக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத ஊருக்கு அந்த வெதுவெதுப்பு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

உலகிலேயே அணுசக்தியில் ஓடும் பனி உடைப்புக் கப்பல்களை வைத்திருப்பது ரஷ்யா மட்டும்தான். அவற்றை ஓட்டுவது ரோசாட்டத்தின் ஆட்டம்ஃப்ளோட். கடல்மட்டத்தில் வடதுருவத்தைத் தொட்ட முதல் கப்பல் அர்க்டிகா, 1977 ஆகஸ்ட் 17-ல் தொட்டது. அதே பெயரில் 2020-ல் வந்த புதிய கப்பல் சுமார் மூன்று மீட்டர் தடிமனுள்ள பனியைப் பிளந்துகொண்டு போகும்!

நெஞ்சை அழுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையம், உக்ரைனின் சப்போரிசியா. 2022 மார்ச்சில் ரஷ்யப் படைகள் அதைக் கைப்பற்றின. பின்னாலேயே ரோசாட்டத்தின் ஆட்களும் வந்தார்கள். ஆறு உலைகளும் மின்உற்பத்தியை நிறுத்திவிட்டன. போர் சூழ்ந்த அந்த இடத்தில் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர்கள் 2022 செப்டம்பரிலிருந்து தங்கிக் கண்காணிக்கிறார்கள். பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரத்தில் அணு உலை! இதற்குமுன் உலகம் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

சரி, நம் வாசலுக்கு வருவோம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது 1988 நவம்பரில். முதல் உலையின் மின்சாரம் நம் கம்பிக்கு வந்தது 2013 அக்டோபரில். கால் நூற்றாண்டு! உலையை நடத்துவது இந்திய அணுமின் கழகம், எரிபொருள் அனுப்புவது டிவெல். ஓர் உலைக்குள் 163 எரிபொருள் கட்டுகள், ஒவ்வொன்றும் தேனடையின் கண்போல அறுகோணம். அந்தக் கட்டுகளுக்கும் கீழே, உலைக்கலத்தின் அடியில் ஒரு ராட்சதத் தொட்டி காத்திருக்கிறது. எல்லாம் கைமீறி உலையின் உள்ளடக்கம் உருகி ஒழுகினாலும், தரைக்குள் இறங்காமல் ஏந்திப் பிடித்துக் குளிர்விக்கும் தொட்டி! ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, பக்கத்து இடிந்தகரைப் பெண்கள் போராட்டப் பந்தலில் உட்கார்ந்து மாதக்கணக்கில் கேட்ட கேள்வி, அந்தத் தொட்டி எந்த நாளுக்காகக் காத்திருக்கிறதோ அந்த நாளைப் பற்றியதுதான்.