ஆறு பென்சு நூல்

நல்ல நூல் ஒன்று எழுதப்பட்டுவிட்டால் மட்டும் அது மக்களைச் சென்று அடைந்துவிடுவதில்லை. அதனை அச்சிடுவோர் வேண்டும்; விற்போர் வேண்டும்; வாங்க விரும்புவோர் கையில் அதற்கேற்ற பொருளும் வேண்டும். விலை எட்டாத உயரத்தில் இருப்பின், எத்துணைச் சிறந்த நூலும் செல்வர் சிலருடைய பேழைக்குள்ளேயே அடங்கிவிடும். இங்கிலாந்தில் கதை நூல்கள் பொதுமக்கள் கைக்கு வந்த வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகின்றது.

ஸ்காத்லாந்து நாட்டு எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டு 1814-ஆம் ஆண்டில் ‘வேவர்லி’ என்னும் நாவலை வெளியிட்டார். 1745-இல் ஸ்காத்லாந்தில் எழுந்த கிளர்ச்சியை நிலைக்களனாகக் கொண்டது அது. பழங்கால நிகழ்ச்சிகளைக் கதையாக்கி உயிர்ப்பிக்கும் அவருடைய ஆற்றலை மக்கள் பெரிதும் போற்றினர். அவர் 1821-இல் வெளியிட்ட ‘கெனில்வொர்த்’ முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தைச் சித்திரிப்பது. மூன்று பாகங்களாக வந்த அந்நூலின் விலை 31 ஷில்லிங்கு 6 பென்சு. அக்கால நாணய முறையில் 12 பென்சு கொண்டது ஒரு ஷில்லிங்கு. எனவே அந்நூலின் விலை 378 பென்சு ஆகும். உழவுத் தொழிலாளி ஒருவன் பல வாரங்கள் உழைத்தாலன்றி அத்தொகையைக் காண இயலாது. எனினும், அதன் பின்னர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புதிய நாவல்களுக்கு அதுவே வழக்கமான விலையாக நிலைத்துவிட்டது.

விலை கொடுத்து வாங்க இயலாதவர் நூல்களை வாடகைக்குப் பெற்றுப் படித்தனர். 1842-இல் இலண்டனில் மூடி என்பவர் தொடங்கிய நூல் நிலையம் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. ஆண்டுக்கு 21 ஷில்லிங்கு செலுத்தினால், ஒரு முறைக்கு ஒரு பாகமாக எடுத்துச் சென்று படிக்கலாம். இத்தகைய நிலையங்களே மிகுதியான படிகளை வாங்கியமையால், விலையைக் குறைக்க வேண்டிய தேவை பதிப்பாளருக்கு ஏற்படவில்லை. படித்த நூலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாதலால், அதனைத் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளும் இன்பம் எளியோனுக்குக் கிட்டவில்லை.

புகைவண்டியின் வருகை இந்நிலையைச் சிறிது மாற்றியது. 1848-இல் இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் ஸ்மித்து நிறுவனத்தார் புத்தகக் கடை ஒன்றைத் திறந்தனர். அடுத்து, பயணிகளுக்கென்றே ஒரு ஷில்லிங்கு, இரண்டு ஷில்லிங்கு விலையில் கதை நூல்கள் வெளிவரலாயின. ஆயினும், அவற்றுள் பல மட்டமான தாளில் நெருக்கமான எழுத்துகளால் அச்சிடப்பட்டிருந்தன. விலை குறைந்த நூல் தரத்திலும் குறைந்தது என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியது.

அவ்வெண்ணத்தை மாற்ற முயன்றவர் ஆலன் லேன் என்னும் பதிப்பாளர். 1934-ஆம் ஆண்டில் அவர் துப்பறியும் கதை எழுதுவதில் புகழ்பெற்ற அகதா கிறிஸ்டியைக் கண்டுவிட்டு இலண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் எக்ஸிட்டர் நிலையத்தில் படிப்பதற்கு ஒரு நூல் தேடினார். மனத்துக்கு உகந்தது எதுவும் அங்குக் கிடைக்கவில்லை. நல்ல எழுத்தாளருடைய நூல்களை யாவரும் வாங்கத்தக்க விலையில் வெளியிட்டால் என்ன என்னும் எண்ணம் அப்பொழுது அவருக்குத் தோன்றியது என்பர்.

1935-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், பத்து நூல்கள் ‘பெங்குவின்’ என்னும் பறவையின் பெயரைத் தாங்கி வெளிவந்தன. துணிக் கட்டடம் இன்றி மெல்லிய தாளட்டை இடப்பட்ட அந்நூல்கள் ஒவ்வொன்றின் விலையும் ஆறு பென்சு. அந்நாளில் கெட்டி அட்டையிட்ட புதிய நாவல் ஏறத்தாழ 90 பென்சுக்கு விற்றது. இஃது அதில் பதினைந்தில் ஒரு பங்கேயாகும். நாவல்களுக்குக் கிச்சிலி நிறம், துப்பறியும் கதைகளுக்குப் பச்சை நிறம், வாழ்க்கை வரலாறுகளுக்கு நீல நிறம் என அட்டைகள் அமைந்தன. நிறத்தால் வகை பிரிக்கும் இம்முறையை ஜெர்மனியிலிருந்து 1932 முதல் வெளிவந்த ‘அல்பட்ராஸ்’ பதிப்புகள் முன்னரே கையாண்டிருந்தன.

பதினைந்தில் ஒரு பங்கு விலைக்கு நூல் விற்பது எங்ஙனம் இயலும்? ஆயிரம் படிகள் அச்சிட்டாலும் இருபதாயிரம் படிகள் அச்சிட்டாலும் எழுத்துக் கோப்பதற்கு ஆகும் செலவு ஒன்றே. படிகள் பெருகப் பெருக, ஒவ்வொரு படியின் மீதும் விழும் செலவு குறைந்துகொண்டே போகும். ஆனால், அச்சிட்ட படிகள் விற்காமல் தேங்கிவிட்டால் பதிப்பாளருடைய கைம்முதல் முழுவதும் அழிந்துவிடும். லேன் துணிந்து ஏற்றுக்கொண்ட இடர் இதுவே.

புத்தகக் கடைக்காரர்கள் முதலில் இம்முயற்சியை ஐயுற்றனர். மிகக் குறைந்த படிகளையே வாங்க முன்வந்தனர். அந்நிலையில், ஆறு பென்சுக்கு மேற்பட்ட பொருளை விற்பதில்லை என்னும் கொள்கையுடைய ஊல்வொர்த்து நிறுவனத்தை லேன் அணுகினார். அங்குப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் அலுவலரும் தயங்கினார். அவருடைய மனைவி தற்செயலாக அந்நூல்களைக் கண்டு பெரிதும் விரும்பியதனால் அவர் இணங்கினார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. அந்நிறுவனம் 63,500 படிகளுக்கு ஆணை தந்தது. முயற்சி பிழைத்தது. ஓராண்டுக்குள் முப்பது இலட்சம் படிகள் விற்பனையாயின. இடவசதி போதாமையால், இலண்டனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையைப் பண்டகசாலையாகக் கொண்டு லேன் தொழில் நடத்தினார். புத்தகக் கட்டுகளைத் தெருவிலிருந்து உள்ளே இறக்குவதற்கு ஒரு சறுக்குமரம் பயன்பட்டது.

கதை நூல்களில் கண்ட வெற்றி அறிவு நூல்களுக்கும் வழி திறந்தது. 1937-இல் ‘பெலிக்கன்’ என்னும் பெயரில் வரலாறு, அறிவியல், பொருளியல் நூல்கள் ஆறு பென்சுக்கே வரத் தொடங்கின. அவ்வரிசையின் முதல் பதிப்பாசிரியர்களுள் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவரும் பிற்காலத்தில் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சராக விளங்கியவருமான வி. கே. கிருஷ்ண மேனன் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது, சட்டைப்பையில் அடங்கும் இச்சிறு நூல்கள் போர்வீரர்களுக்குத் துணையாயின.

பின்னர்ப் பிற பதிப்பாளரும் இவ்வழியைப் பின்பற்றினர். ஜோசபின் டே 1951-இல் எழுதிய துப்பறியும் கதை ஒன்றில், மருத்துவமனையில் படுத்திருக்கும் காவல் அதிகாரி ஒருவர் பழைய ஏடுகளையே சான்றாகக் கொண்டு, மூன்றாம் ரிச்சர்டு மன்னர்மீது சாட்டப்பட்ட கொலைப்பழியை ஆராய்கின்றார். வரலாற்றில் எழுதப்பட்டதை எல்லாம் அப்படியே நம்பலாமா என்னும் வினாவை இத்தகைய கதைகள் எளிய வாசகர் உள்ளத்திலும் எழுப்பின. டோல்கீன் 1937-இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ என்னும் மாயக்கதையில், ஆங்கில நாட்டுப்புறத்தை நினைவூட்டும் சிற்றூர் ஒன்று வருகின்றது. அந்நூல் 1961-இல் தாளட்டைப் பதிப்பாகச் சிறுவர் கைகளை அடைந்தது.

முதலில் கெட்டி அட்டைப் பதிப்பும், ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தாளட்டைப் பதிப்பும் வெளியிடுவது இன்று இங்கிலாந்தில் பரவலான வழக்கம். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான தாமஸ் கிராம்வெலைப் பற்றி ஹிலரி மான்டெல் எழுதிய ‘உல்ஃப் ஹால்’ 2009-இல் வெளிவந்து புக்கர் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டே தாளட்டையில் வந்தது. ஸ்காட்டின் காலத்து எளிய வாசகனுக்கு வாய்க்காத பேறு இது.

நூலின் பெருமை அதன் அட்டையில் இல்லை. மெல்லிய தாளட்டைக்குள்ளும் உயர்ந்த கருத்துகள் அமைதல் கூடும். ஒருவன் தன் சிறு வருவாயிலிருந்து எடுத்த காசைக் கொடுத்து ஒரு நூலை வாங்கி, அதில் தன் பெயரை எழுதி வைத்துக்கொள்ளும்பொழுது, அவன் வீட்டில் ஒரு நூல் நிலையம் தோன்றிவிடுகின்றது. அவ்வாறு தோன்றிய நூல் நிலையங்கள் பலவற்றுக்கு முதற்கல் நாட்டியது ஆறு பென்சு நூலேயாகும்.