கண்ணுக்குத் தெரியாத கேலக்ஸி... நிலாவை வைத்து முகவரி கண்டுபிடித்த ஊட்டி டெலஸ்கோப்!

ஊட்டி என்றால் தாவரவியல் பூங்கா, படகுச் சவாரி, வர்க்கி. இந்தப் பட்டியலில் சேராத ஒன்று முத்தோரை மலைச்சரிவில் இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு பிரமாண்ட கம்பி அமைப்பு. டெலஸ்கோப்தான், ஆனால் கண்ணை வைத்துப் பார்க்க முடியாது. 1970 முதல் விண்வெளியின் ரேடியோ அலைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சில கேலக்ஸிகளின் மையத்தில் உள்ள ராட்சதக் கருந்துளை, சுற்றியுள்ள வாயுவை விழுங்கும்போதே ஒரு பகுதியை இருபுறமும் அசுர வேகத்தில் பீய்ச்சியடிக்கும். இவைதான் ஆக்டிவ் கேலக்ஸிகள். மிகத் தொலைவில் இருப்பவற்றின் ஒளி, நம்மை அடைவதற்குள் மங்கிவிடும். பிரபஞ்சம் விரிவதால் அலைநீளமும் நீண்டு அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடும். போதாக்குறைக்குத் தூசி வேறு. சாதாரண டெலஸ்கோப்பில் அந்த இடம் வெறும் இருட்டு. ரேடியோ அலைகளுக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகச் சொல்வது அன்று பெரும்பாடு. 1963-ல், சிரில் ஹசார்ட் என்ற விஞ்ஞானி ஆஸ்திரேலியாவில் நிலாவை வைத்து ஒரு குவாசரின் இடத்தைக் கண்டறிந்த செய்தியைப் படித்தார், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப். உடனே பொறி தட்டியது. நிலா குறுக்கே வந்ததும் சிக்னல் நிற்கும், விலகியதும் திரும்பும். நிலாவின் பாதை நமக்கு அத்துப்படி. அந்த இரண்டு நேரங்களைக் குறித்தால் முகவரி ரெடி! நின்றுபோகும் விதத்தை வைத்து உருவத்தின் அளவையும் கணிக்கலாம்.

ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததில்தான் ஸ்வரூப்பின் சாமர்த்தியம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள மலையில் நிறுவியதால், டெலஸ்கோப் பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே திசையில் சுழற்றினாலே போதும், ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஒரு பொருளைப் பின்தொடரலாம்.

பிரபஞ்சம் என்றும் மாறாதது என்று அப்போதும் சிலர் வாதிட்டு வந்தார்கள். ஊட்டி அளந்த நூற்றுக்கணக்கான ரேடியோ மூலங்களை வைத்து, 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் பதில் சொன்னார்கள். மங்கலானவை, அதாவது பெரும்பாலும் தொலைவில் இருப்பவை, மாறாத பிரபஞ்சத்தின் கணக்கைவிடச் சிறியதாக இருந்தன. அந்தக் காலத்துப் பிரபஞ்சம் வேறு!

முகவரி கிடைத்தும், அன்றைய புகைப்படங்களில் பல இடங்கள் காலியாகவே இருந்தன. 1979-ல் நெதர்லாந்தின் லெய்டன் விஞ்ஞானிகளுக்கு ஒரு துப்பு கிடைத்தது. தெருக்கோடி ஸ்பீக்கரில் பேஸ் மட்டும் தடதடக்கும், பாட்டு வரி கேட்காது இல்லையா? அதுபோலக் குறைந்த அதிர்வெண்ணில் பலமாகவும், கூடக்கூட சட்டென்று பலவீனமாகவும் இருக்கும் சிக்னல்களுக்குத்தான் புகைப்படத்தில் ஆள் கிடைப்பதில்லை. அவை அதிகத் தொலைவில் இருந்தன. காரணம் குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. வழி மட்டும் பலித்தது.

அப்படிச் சலித்தெடுத்த ஒன்றுதான் டிஎன் ஜே0924-2201. ஹவாய் தீவின் கெக் டெலஸ்கோப் அகச்சிவப்பில் பார்த்தபோது மங்கலாகச் சிக்கியது. அதன் ஒளி புறப்பட்டு 1,200 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிரபஞ்சத்துக்கே அப்போது வயது சுமார் 110 கோடி ஆண்டுகள்தான். அதற்குள் அவ்வளவு பெரிய கருந்துளை எப்படி வளர்ந்தது என்பதுதான் விஞ்ஞானிகளின் தலைவலி.

ஸ்வரூப் பிறகு புனே அருகே தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களுடன் ஜிஎம்ஆர்டி டெலஸ்கோப்பை உருவாக்கினார். 2020-ல் அவர் மறைந்தார். அவருடைய இரண்டு டெலஸ்கோப்புகளும் இப்போதும் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.