வழிகாட்டி நாயும் பள்ளிவாசலும்

பிரிட்டனின் லெஸ்டர் நகரில் 2008இல், பார்வையற்ற முஸ்லிம் இளைஞர் ஒருவர் தம் வழிகாட்டி நாயுடன் பள்ளிவாசலுக்கு வர அனுமதி பெற்றார். அந்நாட்டு ஷரீஆ கவுன்சில் ஃபத்வா வழங்கியது. தொழும் இடத்திற்குள் நாய் வராது. வாசலருகே அதற்கென ஒதுக்கிய இடத்தில் காத்திருக்கும்.

"பள்ளிவாசலில் நாயா?" என்று முகம் சுளிக்கும் முன், அது எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். பிறந்து சுமார் எட்டு வாரத்தில் குட்டியை ஒரு தன்னார்வக் குடும்பம் ஏற்கிறது. ஏறத்தாழ ஓராண்டு அதைக் கடைவீதி, பேருந்து, கூட்டம், இரைச்சல் எல்லாவற்றுக்கும் பழக்குகிறது. பிறகு பிரிந்து பயிற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்; பிள்ளைபோல் வளர்த்தவர்களுக்கு அது லேசான காரியமல்ல. அங்கே கற்பதில் கடினமான பாடம், வாகனம் வரும்போது எஜமானர் 'போ' என்றாலும் போகாமல் நிற்பது!

பயிற்சி பெற்ற வேட்டை நாய் பிடித்ததை உண்ண அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனம் அனுமதிக்கிறது. கால்நடை, பயிர்க் காவலுக்கு நாய் வைத்துக்கொள்ளவும் ஹதீஸில் விலக்கு உண்டு. பார்வையற்றவரின் தேவை இவற்றைவிடக் குறைந்ததல்ல என்றே நாம் கருதுகிறோம்.

நஜீஸ் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஷாஃபி மத்ஹபில், ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். உலர்ந்த ரோமம் உலர்ந்த ஆடையில் உரசினால் கழுவ வேண்டியதில்லை. நம்மில் பலர் இதை அறிவதில்லை.