தசை இறுகவும் தளரவும்: கால்சியத்தின் பணி

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் படிந்திருப்பதால், சுண்ணாம்புச் சத்து என்றாலே எலும்பின் உறுதி என்று எண்ணுவது மக்களிடையே வழக்கமாகிவிட்டது. எனினும் எஞ்சிய 1 விழுக்காடு இல்லையேல் நடப்பதும் பேசுவதும் மட்டுமன்றி மூச்சு விடுவதும்கூட நின்றுபோகும். ஏனெனில் எலும்போடு இணைந்து நம் விருப்பப்படி இயங்கும் எலும்புத்தசைகள் எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கால்சியமே. தசைக்கு அது எரிபொருளும் அன்று, கட்டுமானப் பொருளும் அன்று. அது ஒரு கட்டளை.

இவ்வுண்மை எளிதில் வெளிப்பட்டுவிடவில்லை. 1883-இல் இங்கிலாந்து மருத்துவர் சிட்னி ரிங்கர், கரைசலில் கால்சியம் இல்லையெனில் தவளையின் இதயம் துடிக்காது என்று காட்டினார். ஆனால் எலும்புத்தசையோ கால்சியம் இல்லாத கரைசலிலும் சிறிது நேரம் தொடர்ந்து இயங்கியது. இதயம் ஒவ்வொரு துடிப்பிற்கும் வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பியிருக்க, எலும்புத்தசை தனக்கு வேண்டியதைத் தனக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்கிறது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம். 1947-இல் அமெரிக்க அறிவியலாளர்களான ஹைல்பிரன், வியர்சின்ஸ்கி ஆகிய இருவரும் தவளையின் தசையிழைக்குள் பல்வேறு உப்புகளைச் செலுத்திப் பார்த்தபோது, சோடியமும் பொட்டாசியமும் மக்னீசியமும் இழையைச் சுருக்காதிருக்க, மிகச் சிறிதளவு கால்சியமே அதை உடனே சுருங்கச் செய்தது.

அச்சுருக்கம் நிகழும் முறையை அறியத் தசையிழையின் அமைப்பை அறிதல் வேண்டும். ஒவ்வொரு தசையிழைக்குள்ளும் மயோசின் என்னும் புரதத்தாலான தடித்த நுண்ணிழைகளும், ஆக்டின் என்னும் புரதத்தாலான மெல்லிய நுண்ணிழைகளும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. தசை சுருங்கும்போது இந்நுண்ணிழைகள் தம் நீளத்தில் குறைவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்பதை 1954-இல் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் ஓர் அணியாகவும், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் மற்றோர் அணியாகவும் ஒரே காலத்தில் வெளியிட்டனர். கிணற்றில் நீர் சேந்துபவர் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுபோல, மயோசினின் தலைப்பகுதிகள் ஆக்டினைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன.

அவ்வாறாயின் தசை எந்நேரமும் இறுகியே இராதது ஏன் என்ற வினா எழுகிறது. மயோசின் பற்ற வேண்டிய இடங்களை டிரோப்போமயோசின் என்னும் நீண்ட புரதம் மறைத்துக் கிடப்பதே அதற்கு விடையாகும். ஜப்பானைச் சேர்ந்த செட்சுரோ எபாஷியும் அவருடைய குழுவினரும் 1960-களின் நடுவில் கண்டறிந்த டிரோப்போனின் என்னும் புரதத்தோடு கால்சியம் பிணைந்தவுடன், மறைப்பு விலகுகிறது, பற்றுமிடங்கள் வெளிப்படுகின்றன, தசை இறுகுகிறது.

கட்டளை நரம்பிலிருந்து தொடங்குகிறது. நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் தசையிழையின் மேற்பரப்பில் மின்னலையை எழுப்ப, அவ்வலை இழைக்குள் ஊடுருவும் நுண்ணிய குறுக்குக் குழாய்களின் வழியே ஆழத்திற்குச் சென்று, சார்கோபிளாச வலை எனப்படும் கால்சியச் சேமிப்பறையின் வாயில்களைத் திறக்கிறது. ஓய்விலிருக்கும் தசையிழையின் திரவத்தில் தனித்து உலவும் கால்சியம், இரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. அளவு அவ்வளவு தாழ்ந்திருப்பதனாலேயே, வாயில் திறந்ததும் சில மில்லி நொடிகளில் ஏற்படும் உயர்வு ஐயத்திற்கிடமில்லாத கட்டளையாகிறது.

தளர்தலும் ஓர் உழைப்பே. வெளிவந்த கால்சியத்தைச் சேமிப்பறைக்குத் திருப்பி ஏற்றுவதற்கென்று அதன் சுவரில் பதிந்துள்ள புரத ஏற்றிகள், உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து இரண்டு கால்சிய அயனிகளை உள்ளே தள்ளுகின்றன. ஆக்டினைப் பற்றிய மயோசின் விடுபடுவதற்கும் ஏடிபி வேண்டும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது, ஏடிபி தீர்ந்து இவ்விரு பணிகளும் நின்றுவிடுவதனாலேயே ஆகும்.

வாயில் மூடாமற்போனால் விளையும் கேட்டிற்குச் சான்றாக ஒரு பரம்பரை நோய் உள்ளது. சிலவகை மயக்க மருந்துகளைப் பெற்றதும் தசைகள் விறைத்து உடல் வெப்பம் கடுமையாக உயரும் இந்நிலையை, 1960-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர்கள் டென்பரோவும் லவலும் ஒரு குடும்பத்தில் கண்டு பதிவு செய்தனர். சேமிப்பறையின் வாயிலாக அமையும் ரயனோடின் ஏற்பி என்னும் புரதத்திலுள்ள மரபுக் குறைபாட்டினால், கால்சியம் கட்டுப்பாடின்றி வெளியேறுவதே பெரும்பாலும் இதன் காரணம். அவ்வாயிலை அடைக்கும் டான்ட்ரோலீன் என்னும் மருந்து, உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டால் உயிரைக் காக்கிறது.

இரத்தக் கால்சியம் குறைந்தால் தசை தளரும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். உண்மையில் கைகால்கள் இழுத்துக்கொள்கின்றன. தசைக்குள் சேமிப்பு நிலைத்திருக்க, நரம்புச் சவ்வு அளவுக்கு மீறிக் கிளர்ந்து தேவையற்ற கட்டளைகளை அனுப்புவதே அதற்குக் காரணம். இரத்தக் கால்சியம் மிகுந்தாலோ தசைகள் சோர்கின்றன. ஆகவே உடல் அவ்வளவைக் கண்டிப்பாகக் காக்கிறது. உணவில் கிடைக்காதபோது எலும்பைக் கரைத்தேனும் இரத்தத்திற்கு ஈடு செய்கிறது. கால்சியம் குறைந்த உணவின் கேடு முதலில் எலும்பையே தாக்குவதும் இதனால்தான்.

கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முடிவு செய்து மாத்திரைகளை நாடுவது சரியன்று. களைப்பு, கருவுற்ற நிலை, சில மருந்துகள் எனப் பல காரணங்கள் அதற்கு உண்டு. அடிக்கடி நேர்ந்தால் மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறிவதே முறை. பாலும் தயிரும் கேழ்வரகும் கீரையும் அன்றாட உணவில் இடம்பெறுவதும், கால்சியத்தைக் குடல் உறிஞ்ச உதவும் வைட்டமின் டி-க்காக உடலில் வெயில் படுவதும், எலும்பையும் தசையையும் ஒருசேரக் காக்கும் எளிய வழிகள். அவற்றை இளமையிலேயே பழக்கமாக்கிக்கொள்வது ஒவ்வொருவரின் கடமையாகும்.