இழுப்பறையில் உறங்கும் விளையாட்டுக் கருவி

வீடு மாறும்போதோ, தீபாவளிக்கு அலமாரியைச் சுத்தம் செய்யும்போதோ, உள்ளங்கையளவில் தட்டையான பழைய விளையாட்டுக் கருவி ஒன்று கையில் சிக்கலாம். உலோக முகப்பு, சின்னத் திரை, இருபுறமும் விசைகள். குப்பையில் போடுமுன் சற்றுப் பொறுங்கள். அதைத் தேடும் சேகரிப்பாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1980 ஏப்ரலில் ‘பால்’ என்ற விளையாட்டுடன் ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையைத் தொடங்கியது. உருவாக்கியவர் குன்பே யோகோய். ரயிலில் ஒரு பயணி கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பொழுதுபோக்கியதைப் பார்த்தபோது இந்த யோசனை பிறந்தது என்பது அவரே சொன்ன கதை. பழகி, விலை குறைந்துபோன தொழில்நுட்பத்துக்குப் புது வேலை கொடுப்பதே அவரது கொள்கை. அப்படித்தான் கால்குலேட்டரின் எல்சிடி திரை விளையாட்டுத் திரையானது.

1991 வரை ஏறத்தாழ 60 வகைகள் வந்தன. 4 கோடிக்கும் மேல் விற்றன. 1982ல் வந்த ‘டாங்கி காங்’ இரு திரைகளுடன் மடிக்கக்கூடியது. கூட்டல் குறி வடிவ விசை அதில்தான் இடம்பிடித்தது. இன்றைய விளையாட்டுக் கருவிகளிலும் அந்த விசை தொடர்கிறது. 1987ல் மஞ்சள் பெட்டியில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கடைக்கே வரவில்லை. போட்டிப் பரிசாக மட்டும் 10,000 கருவிகள் வழங்கப்பட்டன. சேகரிப்பாளர்கள் அதற்கு ஏங்குவதில் வியப்பில்லை.

கடிகாரமே எதிரி

விளையாடாத நேரத்தில் கருவி மணி காட்டும். பெயரில் ‘வாட்ச்’ வந்தது அதனால்தான். ஆனால், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் இதை அணைத்து வைக்க விசை கிடையாது. இழுப்பறையில் கிடந்தாலும் பட்டன் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். தீர்ந்துபோன பேட்டரி நாளடைவில் கசிந்து, உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளை அரித்துவிடும்.

திரையும் அப்படிப்பட்டதே. அதில் வரும் மனிதன் உண்மையில் நகர்வதில்லை. அவனுடைய ஒவ்வோர் உருவமும் கண்ணாடிக்குள் தனித்தனியே அமைக்கப்பட்டு, அடுத்தடுத்துத் தோன்றி மறைகிறது. ஒரு விளையாட்டின் திரை இன்னொன்றுக்குப் பொருந்தாது. அது உடைந்தால், அதே வகையைச் சேர்ந்த வேறொரு கருவியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

வாங்குமுன் பாருங்கள்

வாரயிறுதிச் சந்தையிலோ இணையத்திலோ வாங்குவோர் நான்கைக் கவனிக்க வேண்டும்.

1. பேட்டரி மூடி இருக்கிறதா? எளிதில் தொலைந்துபோகும் பாகம் அது.
2. மூடிக்குள் பச்சை அல்லது வெள்ளைப் படிவு உள்ளதா? படம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.
3. திரையில் மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு உள்ளதா? இருந்தால் கண்ணாடியே பழுது. படம் வெளிறியோ பழுப்பேறியோ இருந்தால் மேலுள்ள ஒளிவடிப்பான் தாளை மாற்றிச் சரிசெய்ய வாய்ப்புண்டு.
4. எல்லா விசைகளும் இயங்குகின்றனவா? புதுப் பேட்டரி போட்டு விளையாடிக் காட்டச் சொல்லுங்கள்.

லேசான படிவு என்றால் பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் சில துளி வினிகர் தொட்டு மெல்லத் துடைக்கலாம். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலரவிடுங்கள். கையுறை அணிவது நல்லது.

பிள்ளைகள் கையில்

அப்பா விளையாடியதை மகள் விளையாடுவது இனிமையான காட்சி. ஆனால், பழைய கருவிகள் பலவற்றின் மூடிக்குத் திருகாணி இல்லை, விரலாலேயே திறந்துவிடலாம். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டும் விளையாடட்டும்.

பெட்டியோடு பூட்டி வைத்தால் விலை ஏறும் என்று சிலர் நினைக்கலாம். உள்ளே பேட்டரி கசிந்தால் அந்தக் கணக்கும் பொய்த்துவிடும். இந்த வாரம் உங்கள் வீட்டு இழுப்பறையைத் திறந்து பாருங்கள். கருவி கிடைத்தால், விலையை விசாரிப்பதற்கு முன் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள்.